ஒட்டடையும் நூலாம்படையும்

கேள்வி: ஆயுத பூசைக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது நான் 'ஒட்டடை அடிக்க வேண்டும்' என்றால், திருநெல்வேலிக்காரரான என் மாமியார் 'நூலாம்படை' என்கிறார். பள்ளியில் கன்னடம் படிக்கும் மகளோ 'ஜேடர பலெ' என்கிறாள். ஒட்டடையும் நூலாம்படையும் ஒன்றுதானா? எது சரி?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: தாங்களும் தங்கள் மாமியாரும் சொல்பவை இரண்டுமே நல்ல தமிழ்ச் சொற்கள். ஒட்டு, அடை என்னும் இரண்டும் சேர்ந்தது ஒட்டடை. தேனடையில் வரும் அதே 'அடை' இங்கும் அப்பியிருப்பதைக் குறிக்கிறது. சமையலறை மூலையில், சிலந்தி என்றோ விட்டுப்போன இழைமேல் புகைக்கரியும் தூசியும் ஏறி, மின்விசிறிக் காற்றில் கறுப்பு நூலாக ஆடுகிறதே, அதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. நூலாம்படையில் முதலில் தெரிவது அழுக்கன்று, நூல். நூலால் ஆகிய படை, அதாவது படலம், என்று அதனைப் பிரித்துப் பொருள் கொள்ளலாம். சிலந்தி நடுவில் காத்திருக்கும் புது வலையை யாரும் ஒட்டடை என்பதில்லை; அது சிலந்தி வலைதான்.

இந்த வேறுபாட்டைத் திருவானைக்காக் கதையில் நான் மிகவும் விரும்பிப் படிப்பதுண்டு. இறைவன்மேல் சருகு உதிராதிருக்கச் சிலந்தி கட்டியதைத் திருநாவுக்கரசர் 'திருநிழற் பந்தர்' என்றே பாடுகிறார். வழிபட வந்த யானைக்கோ அது தூய்மைக் குறைவாகத் தோன்றியதால் அழித்துவிட்டது. சிலந்திக்குப் பந்தராக இருந்தது யானையின் கண்ணுக்கு ஒட்டடையாகிவிட்டது. அச்சிலந்தியே பின்னர்க் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்பர்.

தங்கள் மகள் கற்றுவந்த சொல்லும் நமக்கு அயலானதன்று. தமிழில் சொல் முதலில் வரும் வகரம் கன்னடத்தில் பெரும்பாலும் பகரமாகும். வாழை 'பாளெ' ஆவதும், வேர் 'பேரு' ஆவதும், வில் 'பில்லு' ஆவதும் போல, நம் வலைதான் அங்கே 'பலெ'. ஜேடர் என்போர் நெசவாளர். 'வசனங்கள்' என்னும் கன்னடச் சிவபக்திப் பாக்களைப் பாடிய ஜேடர தாசிமய்யா நெசவுத் தொழில் செய்தவரே. பக்கத்து வீட்டில் தெலுங்கர் இருந்தால் கேட்டுப் பாருங்கள், 'சாலெ கூடு' என்பார்கள்; அந்தச் 'சாலெ'யும் நெசவாளரைக் குறிப்பதுதான், நம் சாலியர் என்னும் பெயருக்கு உறவான சொல்.