தெருவுக்கு அடியில் துணிச் சரக்கு வைக்கலாமா?

கேள்வி: நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில், அவுடகிராக்ட் கால்வாய் ஓரம் ஒரு கடையை வாடகைக்கு எடுக்கவிருக்கிறேன். தெருவுக்கு அடியில், கால்வாயைப் பார்த்தபடி ஒரு நிலவறையும் சேர்த்துத் தருகிறார்கள். சுவரெல்லாம் ஓதம், வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. சிமெண்ட் பூசிவிட்டுத் துணிச் சரக்கை அடுக்கலாமா?

பதில்: சிமெண்ட் மட்டும் வேண்டாம். துணியும் வேண்டாம் என்பேன். காரணம் அந்த அறை உருவான விதத்திலேயே இருக்கிறது.

1122-ல் ரைன் ஆற்றை மேற்புறத்தில் அணை போட்டு மறித்த பிறகு, ஊருக்குள் நீர்மட்டம் தாழ்ந்து ஒரு கட்டுக்குள் வந்தது. கரையோ உயரம். வணிகர்கள் வீட்டு நிலவறையிலிருந்து தெருவுக்கு அடியில் குடைந்து, தண்ணீருக்குச் சற்று மேலே துறையும் வாசலும் அமைத்துக்கொண்டார்கள். படகிலிருந்து ஒயின் பீப்பாய் நேரே உள்ளே உருண்டுவிடும். இப்படி 700-க்கு மேற்பட்ட அறைகள் இன்றும் இருக்கின்றன. பீப்பாய்க்கு ஈரம் ஒரு பொருட்டில்லை. துணிக்கு அப்படியா?

ஆகவே உங்கள் கூரைதான் ஊரின் தெரு. கால்வாய்ப் பக்கத்தையே எல்லோரும் சந்தேகிப்பார்கள். மேலே விழும் மழை, தளக்கற்களின் இடுக்கு வழியே செங்கல் வளைவுக்குள் இறங்குவதை மறந்துவிடுவார்கள். உள்ளே சிமெண்ட் பூசினால் அந்த நீருக்குப் போக்கிடம் இருக்காது. பூச்சுக்குப் பின்னால் உப்பு சேர்ந்து செங்கலையே பொரித்து உதிர்க்கும். பழைய சுண்ணாம்புச் சாந்து மேலே வண்டி போகும் அதிர்வுக்குக் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். சிமெண்ட் விரிசல்தான் விடும். (அந்தத் தெருக்களில் வண்டிகளின் அச்சு ஒன்றுக்கு 2 டன் என்று வரம்பு வைத்திருப்பதே இந்த வளைவுகளுக்காகத்தான்.)

ஒரு சோதனை செய்யுங்கள். அலுமினியத் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் சுவர் கசிகிறது. அறைப் பக்கம் வியர்த்திருந்தால் காற்றின் ஈரம். இரண்டாவது என்றால், கோடையில் கதவைத் திறந்து வைப்பதுதான் வினையே: வெதுவெதுப்பான காற்று குளிர்ந்த சுவரில் பட்டு வியர்க்கும். குளிர்ந்த, உலர்ந்த நாளில் திறங்கள். ஈரமுறிஞ்சும் கருவி வைக்கலாம், ஆனால் ஒரேயடியாக உலர்த்தினாலும் உப்பு வேகமாகப் பூக்கும்.

அப்புறம், இவற்றில் பல பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்கள்; அனுமதியில்லாமல் சுவரில் கை வைக்க முடியாது. வளைவின் மேற்புறத்தில் நீர்த்தடுப்பு போட வேண்டுமானால் தெருவையே தோண்ட வேண்டும், அது நகராட்சியோடு பேச வேண்டிய விஷயம். கசிவுக்கு யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அறையில் பீங்கான், கண்ணாடி மாதிரிச் சரக்கை, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள்.