வெறும் வளவும் வெறுந்தேத்தண்ணியும்

கேள்வி: சென்ற இதழில் ஒரு வெறும் பேய்க்கதைக்கு இரண்டு பக்க விமர்சனம் எழுதியிருந்தீர்கள். இவ்வளவு இழப்பைக் கண்ட வன்னியில் இதெல்லாம் தேவைதானா?
- வாசகர், மல்லாவி

பதில்: உங்கள் கேள்வியில் 'வெறும்' என்ற சொல்லை என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

பால் விடாத தேநீரை நாங்கள் வெறுந்தேத்தண்ணி என்போம். பால்மா போட்ட தேத்தண்ணியில் தூள் பழசாக இருந்தாலும் தெரியாது, பாலும் சீனியும் சேர்ந்து மூடிவிடும். வெறுந்தேத்தண்ணியில் அது நடக்காது. தண்ணீர் கொதித்ததா, சாயம் சரியாக இறங்கியதா என்பது முதல் மிடறிலேயே பிடிபட்டுவிடும். சீனி கிடைக்காத காலத்தில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்துப் பழகினோம். இன்று சீனி தாராளமாகக் கிடைக்கிறது, எனக்கு இன்னும் பனங்கட்டிதான். ஓலைக் குட்டானில் வருகிற பனங்கட்டி என்றால் இன்னும் நல்லது, அந்த ஓலை வாசமும் கூடவே வரும்.

பேய்க்கதையும் வெறுந்தேத்தண்ணிதான். சுமாரான குடும்பக் கதை 'நல்ல கருத்து' என்ற பாலில் தப்பிவிடும். பேய்க்கதைக்கு அந்த வசதி இல்லை. வாசிப்பவருக்குப் பயம் வர வேண்டும், வராவிட்டால் கதை இல்லை. இரண்டு பக்கம் எழுதியது அதனால்தான்.

வெறும் வளவு என்றும் ஒன்று இருக்கிறது. 2009இல் போர் முடிந்த பிறகு ஊர் திரும்பியவர்கள் அதை அறிவார்கள். கிணறு இருக்கும், அத்திவாரம் இருக்கும், வேலியோரத் தேசி காய்த்துக் கொட்டியிருக்கும், ஆட்கள் இருக்க மாட்டார்கள். பொழுதுபட்டபின் அந்தப் படலையைக் கடக்கும்போது நடையைக் கூட்டாதவர் யார்? வெறும் வளவு என்றால் எதற்காகக் கூட்டுகிறோம்? நான் விமர்சித்த கதை நடப்பது அப்படி ஒரு வளவில்தான். அங்கே இரவில் கிணற்றுக் கப்பி உருள்கிறது, அவ்வளவுதான் சம்பவம்.

தொல்காப்பியர் எண்ணிய எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில், அச்சமும் ஒன்று. 'அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே' என்று அது பிறக்கும் இடங்களையும் சொல்லிவிட்டார். அணங்கு என்பதில் பேயும் அடங்கும், இறை என்றால் அரசன். பேயும் அரசனும் ஒரே வரியில் நிற்கிறார்கள். விலங்கை யானை வரும் பாதையில் கண்டோம். இறையை பங்கருக்குள், பதுங்குகுழிக்குள், இருந்து படித்தோம். நான்கையும் அறிந்த சனத்திடம் அணங்கை மட்டும் எழுதாதே என்று எப்படிச் சொல்வது?

வவுனியாவில் ஒரு கூட்டத்தில் ஒரு விமர்சகர், வன்னிக் கதையில் வரும் எல்லாப் பேயும் போரின் குறியீடு என்றார். அன்றும் மறுத்தேன், இன்றும் மறுக்கிறேன். மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டத்துக் காதையை எடுத்துப் பாருங்கள். சாத்தனார் முதலில் சுடுகாட்டின் ஒலிகளைக் கேட்க வைக்கிறார். நரி கூவுகிறது, கூகை அழைக்கிறது. பேய் பிறகுதான் வருகிறது, கையில் ஒரு தலையை ஏந்தி ஆடிக்கொண்டு. தனியே வந்த சிறுவன் சார்ங்கலன் அதைக் கண்டு வெருண்டு ஓடி, பேய்க்கு என் உயிரைக் கொடுத்தேன் என்று தாயின் முன் விழுந்து சாகிறான். அந்தத் தாய் கோதமைக்குக் கண் தெரியாது. மகனைக் கொன்றது எது என்று அவளால் பார்க்கவும் முடியாது. பிறகுதான் காவல் தெய்வமான சம்பாபதி வந்து 'அணங்கும் பேயும் ஆருயிர் உண்ணா', ஊழ்வினைதான் உண்டது என்கிறாள். சாத்தனாருக்குச் சொல்லப் பௌத்தக் கருத்து இருந்தது. இருந்தும் பேயை முழுப் பேயாக ஆடவிட்ட பிறகே அதைச் சொன்னார். கப்பியைக் கப்பியாகக் கேட்காமல் 'காணாமற்போனோரின் குரல்' என்று மொழிபெயர்க்கிற விமர்சகர், அந்தக் கதையையும் வாசிக்கவில்லை, காணாமற்போனோரையும் மதிக்கவில்லை.

பேய்க்கதையை நான் இரண்டு தடவை வாசிப்பேன். இரவில் ஒருதடவை, பகலில் பென்சிலோடு ஒருதடவை. பயந்தது எந்த வசனத்தில் என்று பகலில் தேடுவேன். பெரும்பாலும் அது பேய் வந்த வசனமாக இருக்காது, அதற்கு முந்தியதாக இருக்கும். அதைக் காட்டிக் கொடுக்காமல் எழுதுவதுதான் விமர்சகருக்குச் சிரமம். முடிவைச் சொல்லிவிடுகிறவருக்கு நான் புத்தகம் அனுப்புவதில்லை.

அந்தக் கதையில் எனக்குக் குறையும் உண்டு. 'காடு', 'மரம்' என்று பல இடத்தில் வருகிறது, ஒரு மரத்துக்கும் பெயர் இல்லை. பாலையா, வீரையா, முதிரையா? காட்டுக்குள் போகும்போது காட்டுத் தெய்வமான ஐயனுக்குக் குழை முறித்து வைக்கிறவருக்கு, தான் எந்த மரத்தில் முறித்தேன் என்று தெரியும்.