தென்னந்தூர்ல முளைச்ச செவப்புக் காளான்: விக்கலாமா?

கேள்வி: ஐயா, பேராவூரணி பக்கம் ரெண்டு ஏக்கர் தென்னை வச்சிருக்கேன். ஒரு மரத்துல அடித்தண்டுல காப்பிக் கலர்ல சாறு வடிஞ்சுச்சு, அடிமட்டை எல்லாம் தொங்கிப்போச்சு, இப்ப தூர்ல பளபளன்னு செவப்பா காளான் வந்திருக்கு. மச்சான் யூடியூப் பாத்துட்டு இது ரெய்ஷி, கிலோ ஆயிரக்கணக்குல போகும்ங்கிறான். கடைக்காரர் ஒரு மருந்தைக் குடுத்து வேர்ல கட்டுங்கிறார். காளானை விக்கலாமா, மரம் பொழைக்குமா?

பதில்: விக்காதீங்க. காளான் வெளிய வந்த மரம் பொழைக்காது. நீங்க கேட்டிருக்க வேண்டியது, சுத்தி காய்ச்சுக்கிட்டிருக்கிற மரங்களை எப்படிக் காப்பாத்துறதுன்னு.

மச்சான் சொன்னது பாதி நிஜம். இது கானோடெர்மா, தஞ்சாவூர் வாடல் நோயைக் கொண்டுவர்ற பூஞ்சை. மருந்துக்கு விக்கிற ரெய்ஷியும் அதே கானோடெர்மா குடும்பத்துல வர்ற ஒரு இனம்தான். 2012-ல சீனாக்காரங்க அந்த மருந்துக் காளானோட ஜீனோமை, அதாவது மொத்த மரபணுத் தொகுப்பை, முழுசாப் படிச்சாங்க, 16,113 ஜீன். அந்தக் கசப்புக்குக் காரணமான ட்ரைடெர்பீன் எல்லாமே லானோஸ்டெரால்ங்கிற ஒரே மூலப்பொருள்ல இருந்து வருது, அதுல பி450ங்கிற என்சைம்கள் ஆளுக்கொரு இடத்துல ஆக்சிஜனை ஒட்டிவிட ஒட்டிவிட நூத்துக்கும் மேல தினுசு ஆயிடுது, ஒரே மாவுல இட்லி, தோசை, பணியாரம் சுடுற கதைதான். அதனால இனம் மாறினா சரக்கும் மாறும். அதே 2012-ல தான் சீனாவுல வளக்குறது அதுவரைக்கும் நெனச்ச லூசிடம்ங்கிற இனமே இல்ல, லிங்சின்னு தனி இனம்னு பிரிச்சாங்க. உங்க தூர்ல இருக்கிறது எந்த இனம்னே டெஸ்ட் பண்ணாம, அதைக் காயவச்சு கசாயத்துக்குன்னு ஒருத்தருக்கு விக்கிறது நியாயமா?

அந்த ஜீனோம்ல உங்களுக்கு வேண்டிய சேதி வேற. மரத்தை அரிக்கிற என்சைம் இவ்வளவு வகையா வச்சிருக்கிற காளான் ரொம்பக் குறைவு. மரத்துக்கு உறுதி குடுக்கிற லிக்னினையே தின்னுடும். நாம வெளிய காளானைப் பாக்குறப்ப உள்ள தண்டு ஏற்கனவே பஞ்சாப் போயிருக்கும். மலேசியாவுல பாமாயில் தோட்டத்துல பாத்தப்போ பக்கத்துப் பக்கத்து மரத்துல கூட வேற வேற ரகம் இருந்துச்சு, அப்படின்னா வேர் வழியா மட்டும் பரவல, வித்துத்தூளும் பறக்குது. அதனால காளானை இன்னைக்கே வெட்டி எரிங்க, களத்துல காயப்போடாதீங்க.

இப்ப கட்டைக்கு வர்றேன். உங்க பக்கம் 2018 கஜாவுல விழுந்த மரத்தோட கட்டை இன்னும் மண்ணுல கெடக்குதா இல்லையா? மரத்தை வித்துட்டு தூரை அப்படியே விட்டுட்டீங்க, ஜேசிபி வாடகைக்குக் கணக்கு பாத்து. பூஞ்சை அதுல வருசக்கணக்கா குடியிருந்து சாப்பிடும், அப்புறம் பக்கத்து வேருக்குத் தாவும். கட்டையைத் தோண்டி எடுக்காம எந்த மருந்து ஊத்தினாலும் காசு தண்ணியில. பட்ட மரத்தையும் தூரோட எடுத்துடுங்க, சாறு வடியிற மரம் இருந்தா அஞ்சடி தள்ளி ரெண்டடி ஆழம், ஒரடி அகலத்துல சுத்திக் கால்வாய் வெட்டுங்க. பாய்ச்சல் தண்ணி ஒரு மரத்துல இருந்து இன்னொண்ணுக்குப் போகக் கூடாது, தனித்தனி வட்டப்பாத்தி போடுங்க.

கடைக்காரர் குடுத்தது ஹெக்சகோனசோல்ங்கிற பூஞ்சைக்கொல்லியா இருந்தா ஆரம்ப நிலை மரத்துக்கு 2 மில்லியை 100 மில்லி தண்ணியில கலந்து பையில ஊத்தி வேர்ல கட்டலாம், கட்டின பிறகு 45 நாள் இளநி, தேங்கா பறிக்கக் கூடாது. இதை அவர் சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார், பாட்டில் போனா சரி அவருக்கு. லேபிள்ல மருந்துப் பேரே இல்லாத "தென்னை டானிக்"னா திருப்பிக் குடுத்துடுங்க.

நல்லா இருக்கிற மரத்துக்கு வருசம் 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு, தொழு உரம், நோய்ப் பூஞ்சையை அடக்குற டிரைக்கோடெர்மாங்கிற நல்ல பூஞ்சை கலந்து வைங்க. புண்ணாக்கைத் தூளா வாங்காதீங்க, கட்டியா வாங்கி நீங்களே நொறுக்குங்க, தூள்ல என்னத்தக் கலந்திருக்கான்னு யாருக்குத் தெரியும். டிரைக்கோடெர்மா வச்ச இடத்துல கையோட போர்டோ கலவை ஊத்தாதீங்க, அந்தக் கலவையில இருக்கிற மயில்துத்தம் இந்த நல்ல பூஞ்சையையும் சேத்துக் கொன்னுடும்.