கேளுங்கள், கேட்கலாம்!

கேள்வி: ஐயா, இப்போதுதான் ஜாஸ் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். லைவ் பதிவுகளில் உங்களுக்கு ரொம்பப் பிடித்தது எது? ஒன்றே ஒன்று சொல்லுங்கள். (குடியாத்தம் வாசகர்)

பதில்: ஒன்றே ஒன்றா? சரி தம்பி. 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில் பில் எவன்ஸ் குழு வாசித்தது. பியானோ எவன்ஸ், பேஸ் (தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பெரிய நரம்பு வாத்தியம்) ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸ் பால் மோஷன். படியிறங்கிப் போகவேண்டிய சின்ன நிலவறைதான் அந்தக் கிளப். மதியமும் இரவுமாக ஐந்து முறை மேடையேறினார்கள். 'சண்டே அட் தி வில்லேஜ் வான்கார்ட்', 'வால்ட்ஸ் ஃபார் டெபி' என்ற இரண்டு ஆல்பங்களும் அந்த ஒரே நாளில் பதிவானவை.

வேலூர் லாங்கு பஜார் பக்கம் நான் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்த காலத்தில், ஒரு கல்யாண நாதஸ்வரக் கச்சேரியைப் பதிவு செய்து கொடுத்தேன். கேசட்டைப் போட்டுக் கேட்ட பெண் வீட்டுப் பெரியவர், "எல்லாம் நல்லாருக்கு, அந்தப் பாத்திரச் சத்தத்தை மட்டும் எடுத்துடுப்பா" என்றார். எங்கே எடுப்பது? அதை எடுத்தால் நாதஸ்வரமும் சேர்ந்து போய்விடும். எவன்ஸ் பதிவிலும் கண்ணாடித் தம்ளர்கள் உரசுகின்றன, யாரோ சிரிக்கிறார்கள், பேச்சு ஓய்வதேயில்லை. முதல் தடவை எரிச்சல் வரும். போகப் போக, அறை எவ்வளவு சிறியது, மேசைகள் மேடைக்கு எவ்வளவு பக்கம் என்பதெல்லாம் அந்தச் சத்தத்தில்தான் பிடிபடும். இத்தனை இரைச்சலிலும் மூவரும் மல்லுக்கட்டாமல் இன்னும் தாழ்த்தி வாசிக்கிறார்கள். எனக்கு அங்கேதான் கிறக்கம்.

முக்கியமாக லஃபாரோவைக் கவனியுங்கள். பேஸ்காரர் என்றால் பெரும்பாலும் தாளம் தவறாமல் பின்னால் நடந்து வருபவர். இவரோ பியானோ சொல்லி முடிப்பதற்குள் பதில் சொல்கிறார், சில இடத்தில் குறுக்கே பேசுகிறார். எவன்ஸ் கோபித்துக்கொள்ளாமல் இடம் விடுகிறார். ஸ்டுடியோவில் இதெல்லாம் நடக்காது என்றில்லை. ஆனால் அங்கே 'இன்னொரு டேக் போகலாம்' என்ற தைரியம் உண்டு. இங்கே விட்ட வார்த்தை விட்டதுதான். பதினொரு நாள் கழித்து, ஜூலை 6 அன்று, லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார். வயது 25. அந்தச் சோகத்தால்தான் இந்தப் பதிவுக்கு இவ்வளவு பெயர் என்பவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். எதுவும் தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள், அவரும் பேஸ் யார் என்றுதான் கேட்பார்.

இன்னொன்று: 2005ல் வந்த முழுத் தொகுப்பில் முதல் பாட்டின் நடுவே மின்சாரம் போய்ப் பதிவு தடைப்படுவதையும் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம்!

கேள்வி: செல்போனிலேயே கேட்கலாமா? (ஆம்பூர் வாசகி)

பதில்: ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு தாராளமாகக் கேளுங்கள் அம்மா. போன் ஸ்பீக்கரில் பேஸ் சரியாகக் கேட்காது.

கேள்வி: டியூக் எலிங்டனின் நியூபோர்ட் லைவ் ரெக்கார்டில் உள்ள கைதட்டலே போலி என்கிறார்களே? (ஆற்காடு வாசகர்)

பதில்: பாதி உண்மை. 1956 ஜூலை 7 இரவு, அமெரிக்காவின் நியூபோர்ட் ஜாஸ் விழாவில், எலிங்டன் குழுவின் பால் கான்சால்வஸ் டெனர் சாக்ஸபோனில் ஒரு ப்ளூஸை (ஒரே அமைப்பு திரும்பத் திரும்பச் சுற்றி வரும் பாட்டு வகை) 27 சுற்று விடாமல் வாசித்தார். நல்ல தனி ஆவர்த்தனம் போலச் சுற்றுக்குச் சுற்று சூடேறும். ஒரு பெண்மணி எழுந்து ஆட, கூட்டமே கிளம்பிவிட்டது. அது நிஜம். கோளாறு என்னவென்றால், மனிதர் ரெக்கார்டு கம்பெனியின் மைக்கை விட்டுவிட்டு, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் மைக்கில் வாசித்துவிட்டார். கம்பெனி நாடாவில் அவர் எங்கோ தூரத்தில் கேட்கிறார். வேறு சில உருப்படிகளை ஸ்டுடியோவில் திரும்ப வாசிக்கவைத்து, கைதட்டலை ஒட்டி 1956ல் வெளியிட்டார்கள். பிறகு வானொலியின் நாடா கிடைத்தது. அதையும் கம்பெனி நாடாவையும் சேர்த்து 1999ல் ஸ்டீரியோவாகவே கொண்டுவந்தார்கள். இரண்டு மெஷினில் ஓடிய நாடாக்கள் ஒரே வேகத்தில் ஓடாது. அதை இழையிழையாகப் பொருத்தியவருக்கு ஒரு கும்பிடு. வாங்கினால் 1999 பதிப்பையே வாங்குங்கள்.

கேள்வி: தப்பு விழுந்த கச்சேரியை யாராவது ரெக்கார்டு போடுவார்களா சார்? (காட்பாடி கல்லூரி மாணவர்)

பதில்: போட்டார்கள், பரிசும் வாங்கினார்கள். 1960 பிப்ரவரி 13, பெர்லின். ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் 'மேக் தி நைஃப்' என்ற பாட்டைப் பாடுகிறார். நடுவில் வரிகள் மறந்துபோகின்றன. மனுஷி நிறுத்தவில்லை. மறந்துவிட்டதையே மெட்டில் போட்டுப் பாடுகிறார், தாளம் துளி பிசகவில்லை. அதற்குக் கிராமி விருது கிடைத்தது. பாதியில் ஜாஸ் பாடகர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கரகர குரலில் இறங்குவார் பாருங்கள், அதற்காகவே நான் அடிக்கடி போட்டுக் கேட்பேன்.