கேம்கார்டர் வீடியோவை எதில் எடிட் செய்வது?

கேள்வி: 2011-ல் வாங்கிய எச்டி கேம்கார்டரில் மகளின் காதுகுத்து, அப்பாவின் அறுபதாம் கல்யாணம் எல்லாம் எம்டிஎஸ் ஃபைல்களாக இருக்கின்றன. லேப்டாப் திணறுகிறது. எந்த மென்பொருள் வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு, ஷாட்கட், கேடென்லைவ் மூன்றையும் இறக்கிப் பாருங்கள். உங்கள் எம்டிஎஸ் ஃபைல்கள், 2006-ல் சோனியும் பானசோனிக்கும் கொண்டுவந்த ஏவிசிஎச்டி என்ற வீடியோ வகை. எல்லா ஃபிரேமையும் முழுதாகச் சேமிக்காமல் பெரும்பாலும் மாற்றங்களை மட்டும் சேமிப்பதால், வெட்டும் இடத்தில் லேப்டாப் ஒவ்வொரு படத்தையும் கணக்குப் போட்டு எடுக்க வேண்டும். எடிட் செய்யும்போது மட்டும் பயன்படுத்தும் எளிய நகலான ப்ராக்ஸி போட்டால் திணறல் குறையும். பெட்டி மேல் 'ஏவிசிஎச்டி' என்று இருந்ததை நம்பி நானும் ஒரு எடிட்டிங் மென்பொருள் வாங்கினேன். அண்ணன் கல்யாணத்தில் கெட்டிமேளம் கேட்கிறது, தாலி கட்டும் கை பாதியிலேயே நிற்கிறது. சீல் உடைத்தாயிற்று என்று கடையில் திருப்பி வாங்கவில்லை. இன்றுவரை அந்தக் கோபம் போகவில்லை. அதனால்தான் சொல்கிறேன், உங்கள் கிளிப் ஒன்றையே போட்டு, வெட்டி, எக்ஸ்போர்ட் செய்து டிவியில் பாருங்கள். கை அசையும் இடத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு தெரிந்தால் டீஇன்டர்லேஸ், அதாவது ஒன்றுவிட்டு ஒன்றாகப் பதிவான கோடுகளை முழுப் படமாக்குவது, செய்யவில்லை என்று அர்த்தம். சத்தமும் வருகிறதா பாருங்கள்.

கேள்வி: எச்டிவி (HDV) கேம்கார்டர் கேசட்டுகளுக்கு?

பதில்: மென்பொருள் அப்புறம், முதலில் கேமராவை இணைக்க ஃபயர்வயர் போர்ட் உள்ள பழைய கம்ப்யூட்டர் தேடுங்கள், ஃபயர்வயரை யுஎஸ்பி ஆக்கும் என்று விற்கிற மலிவு வயர் வேலை செய்யாது.

கேள்வி: எம்டிஎஸ் ஃபைல்களை மட்டும் காப்பி செய்துவிட்டு கார்டை ஃபார்மட் செய்துவிட்டேன். நீளமான காட்சிகள் துண்டாகி, இணைப்பில் சத்தம் விட்டுப்போகிறது. வேறு மென்பொருள் வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம். கேமரா நீளமான காட்சியைத் தானே பல ஃபைல்களாக வெட்டிவிடும், அதற்குத்தான் கார்டின் ஃபோல்டர் முழுவதையும் எடுக்க வேண்டும் என்று சொல்வது. காப்பியை ஓட்டிப் பார்க்காமல் ஃபார்மட் செய்ய என்ன அவசரம்? சரி, ஃபைல்களை வரிசையாக விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் பைனரி காப்பியாக (copy /b கட்டளை) ஒரே ஃபைலாக ஒட்டி, பிறகு எடிட்டரில் போடுங்கள்.

கேள்வி: விண்டோஸ் மூவி மேக்கர் என்று தேடி, வந்த தளத்தில் கார்டில் பணம் கட்டினேன். மோசடியா?

பதில்: மோசடிதான். உங்கள் மேல் தப்பில்லை, பழகிய பெயரை வைத்து ஏமாற்றியிருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் அதை இலவசமாகவே கொடுத்தது, 2017 ஜனவரியில் நிறுத்தியும்விட்டது. இன்றே வங்கியில் சொல்லி கார்டை முடக்குங்கள், 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணில் புகார் கொடுங்கள், அந்த புரோகிராமை நீக்குங்கள். பணம் கட்டிய ரசீதை மட்டும் அழித்துவிடாதீர்கள்.