ஹிட்லரை எதிர்த்த பால் ஷ்னைடரை ஏன் 'புகன்வால்ட் பிரசங்கியார்' என்கிறார்கள்?

வதைமுகாமின் தனிச்சிறை ஜன்னல்தான் அவருக்குப் பிரசங்க மேடை, அதனால்தான்.

ஜெர்மனியில் டிக்கன்ஷீட் என்ற கிராமத்துச் சபையின் போதகர் அவர். நாஜிகளோடு மோதி 1937-இல் கைதாகி, புகன்வால்ட் வதைமுகாமுக்குப் போனார். 1938 ஏப்ரல் 20, ஹிட்லரின் பிறந்தநாள். கைதிகள் தொப்பியைக் கழற்றி ஸ்வஸ்திகா கொடிக்கு மரியாதை செய்ய வேண்டும். இவர் கழற்றவில்லை. செம்மையாக அடி, அப்புறம் தனிச்சிறை. அங்கும் வாய் ஓயவில்லை. கைதிகளை வரிசையில் நிறுத்தி எண்ணும் நேரம் பார்த்து, ஜன்னல் வழியாக வேத வசனத்தை உரக்கச் சொல்வார். காவலர்கள் பாய்ந்து வந்து அடிப்பதற்குள் ஓரிரு வாக்கியம்தான் கிடைக்கும்.

என்னை உலுக்குவது வேறொன்று. தன் சபை இருந்த ரைன்லாந்துப் பக்கம் திரும்ப மாட்டேன் என்று ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் வெளியே வந்திருக்கலாம். வீட்டில் மனைவி, ஆறு குழந்தைகள். சபையை விட்டுப் போக மாட்டேன் என்று மறுத்துவிட்டார். 1939 ஜூலை 18 அன்று ஊசி போட்டுக் கொன்றார்கள். மூடி முத்திரையிட்ட பெட்டியில்தான் உடல் ஊருக்கு வந்தது.