தேங்க்யூ மிஸ்

அன்புள்ள சார்,

திருச்சியில் ஒரு தனியார் பள்ளியில் கவுன்சலராக இருக்கிறேன். அன்றன்று பேசிய பிள்ளைகளைப் பற்றி இரவில் டைரி எழுதுவேன். போன வாரம் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்தாள். பத்து நிமிடம் வாயே திறக்கவில்லை. அரை மணி நேரம் எடுத்துச் சொன்னேன். "தேங்க்யூ மிஸ்" என்று தெளிவாகிப் போனாள். இந்தத் தொழிலில் இன்னும் வளர எந்தப் படிப்பில் சேரலாம்?

ர.

அன்புள்ள ர.,

எதில் வேண்டுமானாலும் சேருங்கள், நேர்முகப் பயிற்சி இருந்தால் சரி.

எனக்கு அந்தப் பெண்தான் மனதில் நிற்கிறாள். தெளிவாகிப் போனாள் என்று உங்களுக்கு யார் சொன்னது? பெரியவர்களின் அறிவுரையிலிருந்து தப்பிக்கப் பிள்ளைகள் கைவசம் வைத்திருக்கும் சாவி அந்த "தேங்க்யூ மிஸ்". வீட்டில் அம்மா சொல்வதையே நீங்களும் சொல்வதற்குத் தனி அறை எதற்கு, வாசலில் பெயர்ப்பலகை எதற்கு?

கோபித்துக்கொள்ளாதீர்கள். வேலை முடிந்து வந்தும் அந்தப் பிள்ளைகளை நினைத்து உட்கார்ந்து எழுதுகிறீர்களே, அந்த மனசு எத்தனை பேருக்கு உண்டு? ஆனால் டைரி உங்கள் கட்சியைத்தான் பேசும். எழுதுவதும் நீங்கள், படிப்பதும் நீங்கள்.

நான் படித்த விடுதியில் மெஸ் மாஸ்டர் ஒருவர் இருந்தார். அழுகிற பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து வெங்காயம் உரிக்கச் சொல்வார். ஒரு கேள்வி கேட்கமாட்டார். கூடை பாதி காலியாவதற்குள் பையன் எல்லாவற்றையும் கொட்டிவிடுவான். அன்றிரவு மாஸ்டர் வாட்ச்மேனிடம் போய், பெயர் சொல்லாமல், "ஒரு பயல் இப்படிச் சொல்றான், நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்த வாட்ச்மேன் உங்களுக்கு இல்லை. 1950களில் லண்டனில் டாவிஸ்டாக் என்ற மனநல கிளினிக்கில் மைக்கேல் பாலின்ட் என்ற மனநல மருத்துவர் குடும்ப டாக்டர்களை வட்டமாக உட்காரவைத்தார். ஒருவர் தன் நோயாளியைப் பற்றிச் சொல்ல, மற்றவர்கள் அவர் கண்ணில் படாததைப் பேசுவார்கள். பிரிட்டனின் முக்கியமான கவுன்சலர் சங்கம் ஒன்றில், அங்கீகாரம் பெற்றுத் தொழில் செய்யும் உறுப்பினர் மாதம் ஒன்றரை மணி நேரமாவது தன் வேலையை இன்னொருவரிடம் சொல்லியே ஆகவேண்டும். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் விலக்கில்லை. நாமோ பட்டம் வாங்கியவரைத் தனியே விட்டுவிடுகிறோம், போதாததற்கு சப்ஸ்டிட்யூட் பீரியடுக்கும் அனுப்புகிறோம்.

உங்கள் ஊரிலேயே நாலு கவுன்சலர்களைத் தேடிப் பிடியுங்கள். மாதம் ஒரு சனிக்கிழமை போதும். பிள்ளைகளின் பெயர், வகுப்பு, அடையாளம் எதுவும் வெளியே வரக்கூடாது. பாலியல் தொல்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் மட்டும் சனிக்கிழமைக்குக் காத்திருக்காதீர்கள். 2012 போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும், ஹெட்மிஸ்ட்ரஸ் காதில் போட்டால் போதாது.

முதல் கூட்டத்துக்கு அந்த அரை மணி நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அவள் பேசியது எவ்வளவு, நீங்கள் பேசியது எவ்வளவு என்று மற்றவர்கள் கேட்கட்டும். பதிலை எனக்கு எழுத வேண்டாம்.